மெட்ராஸ் பூங்காவில் ஆடிய தொட்டில்

கொழிஞ்சாம்பாறை
12-6-1977

அம்மிணி மருதாத்தாளுக்கு, உன் மாமன் குப்பண்ணன் சுகமாக ஊர் வந்து சேர்ந்து எழுதும் விவரம்.

நான் சொன்னது சொன்னபடி நடந்துவிட்டது. தைப்பொங்கலுக்கு நீயும் மாப்பிள்ளையும் வந்திருந்தபோது, சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே என்ன சொன்னேன்? "இந்த டெலிவிஷன்காரனுங்க எல்லாத்தையும் காட்டி முடிச்சுப்போட்டுக் கடைசீல நம்ம மலைக்குத்தான் வருவானுங்க, வந்து பேயைத்தான் காட்டுவானுங்க" என்றேனா இல்லையா? உன் அத்தை காளியாத்தாள் அன்றைக்குச் சிரித்தாள். இப்போது சிரிப்பதில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்தியவனுக்கு இவ்வளவு முன்யோசனை எங்கிருந்து வந்தது என்று ஊரே கேட்கிறது. கேட்காதவர்களிடம் நானே சொல்லிவிடுகிறேன்.

அத்தையின் அண்ணன் மகன் கல்யாணத்துக்கு மெட்ராஸ் போனோம் அல்லவா, அங்கே ஒரு பூங்காவில் டெலிவிஷன் பெட்டி வைத்திருக்கிறார்கள். டெலிவிஷன் என்றால் உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன், அது கதவு வைத்த ரேடியோ. ஆபீஸ் ஆள் வந்து பூட்டைத் திறந்து கதவை விலக்கினால் உள்ளே மனிதர்கள் நடமாடுவார்கள். ஆயிரம் பேருக்குக் குறையாமல் கூட்டம். என் மீசையைப் பார்த்து யாரோ பெரிய மிராசுதார் என்று நினைத்து, பெட்டிக்கு நேர் எதிரில் எங்கள் இருவருக்கும் இடம் விட்டார்கள்.

அன்றைக்குப் போட்டது ஒரு பேய் நாடகம். கதை நடப்பது உங்கள் மலையில். தேவிகுளம் என்று பேர் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் எனக்குத் தெரியாதா? அதே தேயிலை, அதே மூடுபனி, தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கிற அதே தகரக் கூரை லயம். கொளுந்து பறிக்கப் போகிற பெண்களின் கைக்குழந்தைகளைப் பகலெல்லாம் பார்த்துக்கொள்ள அங்கே ஓர் ஆயா. நீ செய்கிற அதே வேலை. கீழ்நாட்டிலிருந்து வாழ வந்தவள், பிள்ளை இல்லாதவள். ஒரு மழைநாளில் அவள் பொறுப்பில் இருந்த குழந்தை ஒன்று செத்துப்போகிறது. பழி அவள் தலையில். ஓடையில் விழுந்து உயிரை விடுகிறாள். கதையே அதற்கப்புறம்தான் ஆரம்பிக்கிறது.

பக்கத்தில் ஒரு வக்கீல் குமாஸ்தா உட்கார்ந்திருந்தார். "இனி தொட்டில் ஆடும் பாருங்க" என்றேன். ஆடிற்று. "நாய் ஊளையிடும் பாருங்க" என்றேன். ஊளையிட்டது. மூன்றாம் தடவை நான் வாயைத் திறந்தபோது, பாதிப் பூங்கா பெட்டியை விட்டுவிட்டு என் வாயைப் பார்த்தது. உன் அத்தை பயத்தில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான்தான் தைரியம் சொல்லி உட்கார வைத்தேன்.

செத்தவள் திரும்பி வருகிறாள், அம்மிணி. எப்படி வருகிறாள் என்றால், இப்போது வேலை பார்க்கிற ஆயாவின் உருவத்திலேயே வருகிறாள். அதே சேலை, அதே கொண்டை, அதே குரல். அவள் ஆட்டின குழந்தை தூக்கத்தில் சிரிக்கும். சிரித்த குழந்தைக்கு வாரம் திரும்புவதற்குள் காய்ச்சல் காணும். தொட்டிலுக்குப் பக்கத்தில் நிற்பது மனுஷியா பேயா என்று பெற்றவளுக்கே தெரியாது. கண்டுபிடிக்க ஒரே ஓர் அடையாளம்தான் உண்டு.

(இந்த இடத்தில் வாசிப்பதை நிறுத்து. எல்லோர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார். அப்புறம் மெதுவாக அடுத்த வரிக்குப் போ.)

அவள் தொட்டிலை ஆட்டுவது ஒரட்டாங்கையால். இடது கையால்.

உங்கள் லயத்தில் ஒரு வீட்டுக்கு வந்த கடிதாசி எல்லா வீட்டுக்கும் வந்த மாதிரி என்று எழுதியிருந்தாய். ஆகையால் ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் கூட்டி வைத்து வாசி. நாலு பேராவது அலறாவிட்டால் நீ வாசித்ததில்தான் கோளாறு, நான் எழுதியதில் இல்லை.

இப்படிக்கு,
மாமன் குப்பண்ணன்


தேவிகுளம்
22-6-1977

மாமனுக்கு மருதாத்தாள் வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கே மழை பிடித்துக்கொண்டது. உங்கள் மாப்பிள்ளைக்கு ஃபேக்டரியில் வேலை அதிகம். மற்றபடி சுகம்.

கடிதாசி சனிக்கிழமை வந்தது. நான் முதலில் தனியாகப் படித்துப் பார்த்திருக்க வேண்டும். ஆனால் உங்கள் கடிதாசியைப் பிரிக்காமல் கொண்டுவந்து எல்லோர் முன்னால் பிரிப்பதுதான் இங்கே வழக்கமாகிவிட்டது. பிரித்துக் கொண்டுவந்தால் எதையோ விழுங்கிவிட்டேன் என்று குருவம்மாளக்கா சண்டைக்கு வருவாள். அவள்தான் எங்கள் லயத்தில் மூத்தவள், உங்கள் கடிதாசி என்றால் அடுப்பை அணைத்துவிட்டு வருகிறவள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லோரும் வந்தார்கள். கதவு வைத்த ரேடியோவுக்குச் சிரித்தார்கள். நாய்க்கும் சிரித்தார்கள். நீங்கள் நிறுத்தச் சொன்ன இடத்தில் நிறுத்தினேன். எல்லோர் முகத்தையும் பார்த்தேன். பிறகு அடுத்த வரியை வாசித்தேன். வாசித்துவிட்டு நிமிர்ந்தபோது ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. கடிதாசியைப் பிடித்திருந்த என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அது எந்தக் கை என்று உங்களுக்குத் தெரியும், மாமா. சின்ன வயதில் அந்தக் கையில் சாப்பிட்டதற்காக அம்மா சூடு வைக்க வந்தபோது தடுத்தவர் நீங்கள்.

யாரோ சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கலைந்து போகும்போது சின்னத்தாய் மட்டும் நின்றாள். அவளுடைய முதல் பிள்ளை சோலைக்கு இப்போதுதான் பல் முளைக்கிறது. அவன் என்னிடம்தான் தூங்குவான். "நீங்க நொட்டாங்கைதானக்கா?" என்று கேட்டாள். தெரியாமல் கேட்கவில்லை. தெரிந்துதான் கேட்டாள்.

மறுநாள் காலையில் மூன்று தொட்டில்கள் காலியாக இருந்தன. அதற்கடுத்த நாள் இன்னும் இரண்டு. மழைக்குப் பிள்ளைகளைக் கம்பளியில் சுற்றி மலைக்கே தூக்கிக்கொண்டு போகிறார்களாம். அட்டை கடிக்கிற காட்டில், ஈரத்தில். தொட்டில் காலியாகக் கிடந்தால் ஆயா எதற்கு என்று ஆபீஸில் கேட்பார்கள். அது போகட்டும். எனக்கு அந்த வேலை சம்பளத்துக்காக மட்டும் இல்லை என்பதை உங்களிடம் நான் எழுத வேண்டியதில்லை.

மாமா, கோபித்துக்கொள்ளாமல் நன்றாக நினைவுபடுத்திப் பாருங்கள். அது இடது கைதானா?

மருதாத்தாள்


கொழிஞ்சாம்பாறை
28-6-1977

அம்மிணிக்கு,

நினைவுபடுத்திப் பாருங்கள் என்று எழுதியிருக்கிறாய். யாரிடம் எழுதுகிறோம் என்று நினைத்துப் பார்த்தாயா? வேலந்தாவளம் சந்தையில் எந்த வருஷம் எந்த மாடு யார் கை மாறியது என்று கேட்டால் சுழியோடு சொல்கிறவன் நான். இடது கைதான். ஆயிரம் பேர் பார்த்தார்கள். நான் முன் வரிசையில் இருந்து பார்த்தேன்.

இங்கே என் நிலைமை உனக்குத் தெரியாது. டீக்கடையில் தினமும் அந்தக் கதையைச் சொல்லச் சொல்கிறார்கள். நேற்று வடகரைப்பதியிலிருந்து மாட்டு வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். பஞ்சாயத்து மெம்பர் எழுந்து எனக்கு பெஞ்சில் இடம் கொடுத்தார். இந்த நேரத்தில் நான் கையை மாற்றிச் சொன்னால் என்ன ஆகும்? சொன்னவன் பேச்சில் ஒன்று சொத்தை என்றால் ஒன்பதும் சொத்தை என்பார்கள்.

உன்னைப் பேய் என்று நினைக்க அந்தப் பெண்களுக்கு என்ன புத்தி கெட்டுப் போயிற்று? நீ பேயென்றால் நான் பேய்க்கு மாமன். அந்த மரியாதையாவது எனக்குத் தர வேண்டாமா?

சரி, விளையாட்டை விடு. நான் போன கடிதாசியில் ஒன்றை எழுத விட்டுவிட்டேன். நாடகத்தின் முடிவில் பூசாரி ஒரு பரிகாரம் சொல்கிறார். வாசற்படியில் இரும்பு ஆயுதம் ஒன்றைக் குறுக்கே போட வேண்டும். மனுஷி தாண்டி வருவாள். பேய் தாண்டாது, அங்கேயே நிற்கும். நீ இப்படிச் செய். தேயிலைச் செடியை வெட்டுகிற கவாத்துக் கத்தி ஒன்றை எல்லோர் முன்னாலும் பிள்ளைகள் காப்பக வாசலில் போடச் சொல். நீ சர்வசாதாரணமாகத் தாண்டிக்கொண்டு உள்ளே போ. முடிந்தது வழக்கு. அவர்களே பிள்ளைகளைக் கொண்டுவந்து உன் மடியில் போடுவார்கள். நான் இப்போதே சொல்கிறேன், அப்படித்தான் நடக்கும்.

இதையும் எல்லோருக்கும் வாசித்துக் காட்டு. கத்தி என்று வருகிற இடத்தில் நிறுத்த வேண்டாம்.

மாமன் குப்பண்ணன்


தேவிகுளம்
9-7-1977

மாமனுக்கு,

வாசித்தேன். கங்காணி வீரபாண்டியண்ணன்தான் கத்தியைக் கொண்டுவந்தார். மலையில் வேலை பங்கிட்டுக் கொடுக்கிறவர் என்பதால் அவர் சொன்னால் எல்லோரும் கேட்பார்கள். அவர் என் பக்கம்தான். சட்டென்று முடித்துவிடலாம் என்றுதான் கத்தியைப் படியில் போட்டார்.

நான் தாண்டவில்லை, மாமா.

தாண்டக்கூடாது என்று நினைத்து நிற்கவில்லை. கால் தானாக நின்றுவிட்டது. நம் ஊட்டில் கலப்பையை, அரிவாளை, களைக்கொத்தை யார் தாண்டியிருக்கிறோம்? வேலை செய்கிற ஆயுதம் கால் பட்டாலே தொட்டுக் கும்பிடச் சொல்லி வளர்த்தீர்கள். கத்தி படியில் கிடந்ததும் குனிந்து எடுத்தேன். கண்ணில் ஒற்றிக்கொண்டேன். ஓரமாகச் சாத்தி வைத்துவிட்டு உள்ளே போனேன். உள்ளே போன பிறகுதான் எந்தக் கையால் எடுத்தேன் என்று உறைத்தது.

திரும்பிப் பார்த்தால் வாசலில் கங்காணியண்ணன் மட்டும் நின்றுகொண்டிருந்தார். "ஏம்மா, ஒரு எட்டு எடுத்து வச்சிருக்கக் கூடாதா?" என்றார்.

இப்போது தொட்டில்கள் எல்லாம் காலி. காலையில் போய்க் கதவைத் திறக்கிறேன், பால் காய்ச்சுகிறேன், சாயங்காலம் அதை ஓடையில் ஊற்றுகிறேன்.

சொல்ல வந்ததே வேறு. சோலைக்குக் காய்ச்சல். சின்னத்தாய் அவனை மலைக்குத் தூக்கிப் போய் மரத்தடியில் கம்பளி கட்டிப் படுக்கவைத்தாள், மழை கம்பளியோடு இறங்கிவிட்டது. இருமல் இங்கே மூன்றாவது வீட்டில் படுத்திருக்கிற எனக்குக் கேட்கிறது. பிள்ளைகளுக்கு உடம்புக்கு முடியாவிட்டால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது என் வேலை. நான் போனால் கதவை மூடுகிறாள். நான் கடைசியாக ஆட்டிய அன்றைக்கு அவன் தூக்கத்தில் சிரித்தானாம். எல்லாக் குழந்தையும்தான் தூக்கத்தில் சிரிக்கும். நீங்கள் எழுதின பிறகு அது வேறாகிவிட்டது. பேய்க் காய்ச்சலுக்கு டாக்டர் எதற்கு என்கிறாள்.

இத்தனை வருஷமாக எங்கள் சந்தோஷத்துக்காக எவ்வளவோ கூட்டி எழுதியிருக்கிறீர்கள். இந்த ஒன்றைக் குறைத்து எழுதக் கூடாதா? அந்தப் பிள்ளைக்காகக் கேட்கிறேன்.

மருதாத்தாள்


கொழிஞ்சாம்பாறை
14-7-1977

அம்மிணிக்கு அவசரமாக எழுதுவது,

கத்தியைத் தாண்டாததற்காக உன்னைத் திட்டலாமா, மெச்சலாமா என்று தெரியவில்லை. என் வளர்ப்பு அப்படி.

கவலைப்படாதே. எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டேன். மெட்ராஸிலிருந்து நேற்று ஒரு செய்தி கிடைத்தது. கல்யாண மாப்பிள்ளையின் சிநேகிதன் ஒருவனுக்கு டெலிவிஷன் ஆபீஸில் பெட்டியின் கதவைத் திறந்து மூடுகிற உத்தியோகம். அவன் சொன்னானாம், போன வாரம் அந்த நாடகத்தைப் பற்றி ஒரு திருத்தம் போட்டார்களாம். ஒரு பெரிய மனிதர் கோட்டு மாட்டிக்கொண்டு பெட்டிக்குள் வந்து, "நாங்கள் காட்டியதில் ஒரு பிழை நேர்ந்துவிட்டது, பேய் ஆட்டுவது வலது கையால்தான், பொதுமக்கள் மன்னிக்கவும்" என்று கும்பிட்டாராம். நான் அன்றைக்கே அந்தக் கையில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று அத்தையிடம் சொன்னேன்.

இதை உடனே எல்லோருக்கும் வாசித்துக் காட்டு. முக்கியமாக அந்தச் சின்னத்தாய்க்கு. கோட்டு என்கிற இடத்தைக் கொஞ்சம் அழுத்தி வாசி, சனங்கள் கோட்டுப் போட்டவன் சொன்னால் நம்பும்.

பிள்ளைக்கு எப்படி இருக்கிறது என்று ஒரு கார்டாவது போடு. ஆடாதோடை இலை, துளசி, இரண்டு மிளகு தட்டிப்போட்டுக் கஷாயம் வைத்துக் கொடுக்கச் சொல். நீ கொடுக்காதே, குருவம்மாளை விட்டுக் கொடுக்கச் சொல்.

அத்தை நீ எழுதினதை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். மழை என்று மட்டும் சொன்னேன்.

மாமன்


தேவிகுளம்
26-7-1977

மாமனுக்கு,

நீங்கள் எழுதிய திருத்தத்தை வாசித்தேன். மழையில் நனைந்துகொண்டு சின்னத்தாய் வீட்டு வாசலில் நின்று வாசித்தேன். குருவம்மாளக்கா என் தோளைத் தொட்டு, "ஏ புள்ள, ஒனக்கு வந்த சாட்சிக் கடுதாசிய நீயே படிச்சா யாரு நம்புவா?" என்றாள். அவள் கேலியாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு அழுகை வந்தது.

அப்போது உள்ளே சோலை மூச்சு வாங்குவது கேட்டது. மரம் அறுக்கிற மாதிரி. கதவைத் தள்ளினேன். சின்னத்தாய் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, வாசலுக்குக் குறுக்கே அந்தக் கவாத்துக் கத்தியைப் போட்டு வைத்திருந்தாள். நான் அதைத் தாண்டினேன், மாமா. தாண்டிப் போய் அவள் முன்னால் உட்கார்ந்து சொன்னேன். "சின்னத்தாயி, அந்தக் கத்தியால என்னைய வெட்டோணும்னா அப்பறமா வெட்டிக்க. இப்பப் புள்ளையக் குடு." அவள் கொடுக்கவில்லை. கை ஓய்ந்துபோயிருந்தது, நான் எடுத்துக்கொண்டேன். கொளுந்து லாரியை மறித்து ஏறினோம். வழியெல்லாம் என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

நெஞ்சில் சளி கட்டிவிட்டது, இன்னும் தாமதித்திருந்தால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். ஒரு வாரம் ஊசி. இப்போது வீட்டுக்கு வந்துவிட்டான். பால் குடிக்கிறான்.

இதோடு எல்லாம் தீர்ந்தது என்று நினைத்துச் சந்தோஷமாகக் காப்பகக் கதவைத் திறந்தேன். வாசலில் வெற்றிலையும் கற்பூரமும் வைத்திருந்தார்கள்.

நொட்டாங்கையால் கொடுத்த காய்ச்சலை நொட்டாங்கையாலேயே வாங்கிக்கொண்டாளாம். கத்தியை அன்றைக்குத் தாண்டாதவள், மனம் இரங்கின அன்றைக்குத் தாண்டினாளாம். அப்படிப் பேசுகிறார்கள். உடம்புக்கு முடியாத குழந்தைகளை மட்டும் கொண்டுவருகிறார்கள். மடியில் தருவதில்லை. என் காலடியில் தரையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்று கும்பிடுகிறார்கள். என்னைவிட மூத்தவளான குருவம்மாளக்கா நேற்று என்னை "தாயி" என்று கூப்பிட்டாள். நல்ல குழந்தையை ஒருத்தியும் என் தொட்டிலில் போடமாட்டேன் என்கிறாள்.

இடது கையை முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு வலது கையால் ஆட்டிப் பழகிப் பார்க்கிறேன். சரியாக வரவில்லை. வந்த ஒன்றிரண்டு குழந்தையும் விழித்துக்கொள்கிறது.

அடுத்த தடவை ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஆகி, என்னால் முடியாமல் போனால் இப்போது பயந்து கும்பிடுகிறவர்கள் என்ன செய்வார்கள்? உங்கள் நாடகத்தில் அந்த ஓடைக்கு அவள் தானாகவா போனாள்? எங்கள் காப்பகத்துக்குப் பின்னாலும் ஓர் ஓடை இருக்கிறது, மழைக்கு நிரம்பி ஓடுகிறது. அந்தப் பக்கத்து ஜன்னலை நான் இப்போது திறப்பதில்லை.

இதற்கும் ஒரு பரிகாரம் எழுதிவிடாதீர்கள்.

மருதாத்தாள்


கொழிஞ்சாம்பாறை
2-8-1977

அம்மிணிக்கு,

இந்தக் கடிதாசியை நீ வாசிக்காதே. வந்த கையோடு கங்காணி வீரபாண்டியிடம் கொடு. ஞாயிற்றுக்கிழமை அவர் எல்லோரையும் கூட்டி வைத்து வாசிக்கட்டும். நீ கூட்டத்தில் மற்றவர்களோடு உட்கார்ந்து கேள். இதில் நிறுத்த வேண்டிய இடம் எதுவும் இல்லை. ஒரே மூச்சில் வாசித்துவிடலாம்.

கங்காணியாருக்கும் குருவம்மாளுக்கும் சின்னத்தாய்க்கும் லயத்து மக்கள் எல்லோருக்கும், மருதாத்தாளுக்குத் தாய்மாமன் குப்பண்ணன் எழுதுவது.

உங்கள் எல்லோருக்கும் என்னைத் தெரியும். என் கடிதாசியைக் கேட்டுச் சிரித்திருக்கிறீர்கள். யானை என் தோட்டத்தில் வந்து என்னிடம் வழி கேட்டதை நம்பினீர்களோ இல்லையோ, ரசித்தீர்கள். அதுபோல இதையும் எடுத்துக்கொள்வீர்கள் என்று நினைத்துவிட்டேன். நான் எழுதுகிற இடத்தில் குழந்தை இல்லை. நீங்கள் கேட்கிற இடத்தில் ஆளுக்கொரு குழந்தை மடியில் இருந்தது. அந்த வித்தியாசம் என் மண்டையில் ஏறவில்லை.

கோட்டுப் போட்டவன் யாரும் டெலிவிஷனில் வந்து மன்னிப்புக் கேட்கவில்லை. கத்திப் பரிகாரமும் அந்த நாடகத்தில் இல்லை. அந்த மலைப் பெண்ணும் குழந்தையும் ஓடையும் நிஜமாகக் காட்டினார்கள், அதில் நான் கை வைக்கவில்லை. நாடகம் போட்டவன் எதையாவது காட்டுவான், அவன் பிழைப்பு அது.

மருதாத்தாளின் கடைசிக் கடிதாசியை என் பெண்டாட்டி காளியாத்தாள் பிடுங்கிக்கொண்டு போய்ப் பக்கத்து ஊட்டு டீச்சரிடம் வாசித்துக் கேட்டுவிட்டாள். வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். சத்தம் போடவில்லை. "ஏனுங்க, நானும் உங்க பக்கத்துலதானுங்க உக்காந்திருந்தேன். நீங்க எந்தக் கையப் பாத்தீங்க?" என்றாள். நான் வெற்றிலை போட்டேன். "ஓடைன்னு எழுதியிருக்கறாளுங்க. அந்தப் புள்ள ஓடைன்னு எழுதியிருக்கறா" என்றாள். வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்தேன்.

டீக்கடையில் நேற்று மெம்பர் பெஞ்சில் இடம் காட்டினார். நின்றுகொண்டே நிஜத்தைச் சொல்லிவிட்டு வந்தேன். முதலில் அங்கே சொல்லாமல் உங்களுக்கு எழுதினால் அது பாதி உண்மையாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. வடகரைப்பதிக்காரர்கள் வண்டிக் கூலியைக் கேட்காத குறைதான்.

எனக்கு ஒரு மகள், கமலாத்தாள். அவள் பிறந்தபோது என் பெண்டாட்டி உடம்புக்கு முடியாமல் படுத்துவிட்டாள். என் அக்கா மகள் மருதாத்தாள், அப்போது பாவாடை கட்டின சிறுமி, எங்கள் ஊட்டிலேயே தங்கித் தொட்டிலை ஆட்டினாள். எந்நேரமும் ஆட்டினாள். ஒரட்டாங்கையால்தான் ஆட்டினாள். அந்தக் கை ஆடினால்தான் கமலாத்தாள் தூங்குவாள், நானும் தூங்குவேன். போன வருஷம் வைகாசியில் அவளுக்குக் கல்யாணம் செய்துவைத்தேன். திடமாக இருக்கிறாள், என்னை எதிர்த்துப் பேசுகிற அளவுக்குத் திடம். தொட்டில் ஆட்டுகிற கை என்று நான் இந்த உலகத்தில் உற்றுப் பார்த்தது அந்த ஒரு கையைத்தான். எழுதும்போது கை என்று வந்ததும் பேனா அங்கே போய்விட்டது.

பூங்காவில் எங்களுக்குக் கிடைத்த இடம் நல்ல இடம்தான், அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அந்தத் தொட்டில் ஆட ஆரம்பித்ததும் முகத்தை மூடிக்கொண்டது காளியாத்தாள் இல்லை. நான்தான், என் துண்டால். நாய் ஊளையிட்டு முடிந்து பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து போகிற வரைக்கும் நான் துண்டை எடுக்கவில்லை.

கண்ணை மூடாமல் கடைசி வரைக்கும் பார்த்தவள் காளியாத்தாள். அவளிடம் கேட்டேன். வலது கையும் இல்லை, இடது கையும் இல்லையாம். கையையே காட்டவில்லையாம், கங்காணி. தொட்டில் மட்டும்தான் ஆடியதாம்.